லிவா ட்ரிப்: எல்எக்ஸ் 570 கொண்டு வர்றவங்க கவனிங்க

மக்களே வணக்கம், சனிக்கிழமை அபுதாபி லிவா பாலைவனத்துக்கு லெக்சஸ் எல்எக்ஸ் 570 எடுத்துட்டு வர்றவங்க தயவுசெஞ்சு 20 இன்ச் ரிம்மோட வராதீங்க, 285/50 டயர்ல சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) 14 சென்டிமீட்டர்தான், மணல்ல காத்தை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினா ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல ஒண்ணுமே மிச்சம் இருக்காது, லேண்ட் க்ரூஸர் 200-ஓட 18 இன்ச் ரிம்ல 285/60 போட்டா வண்டி உயரம் பெருசா மாறாது ஆனா சைடுவால் 17 கிடைக்கும், டயர் நல்லா பரவும்.

வண்டியை உயர்த்துற லிஃப்ட் கிட்டுக்கு அவசரப்படாதீங்க, முதல்ல இருக்கிற ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க. வண்டி உயரத்தை ஹைல வச்சு சஸ்பென்ஷன் டேங்க்ல ஃப்ளூயிட் லெவல் குறிச்சுக்கோங்க, லோவுக்கு இறக்கி திரும்ப பாருங்க, லெவல் நல்லா ஏறணும், கொஞ்சம்தான் ஏறுதுன்னா க்ளோப்ல (சஸ்பென்ஷன்ல இருக்கிற, நைட்ரஜன் அடைச்ச உருண்டை) நைட்ரஜன் போயிடுச்சு, அதை மாத்தாம மணல் மேட்டுல குதிச்சா இடுப்பு போயிடும்.

இன்னொண்ணு, மாட்டிக்கிட்ட வண்டியை டோ பால்ல (ட்ரெய்லர் மாட்டுற உருண்டை) கயிறு போட்டு யாரும் இழுக்கக் கூடாது, அது பிச்சுக்கிட்டு பறந்தா உயிர் போயிடும், சேஸிஸ்ல இருக்கிற ரெக்கவரி பாயிண்ட்ல ஷாக்கிள் (இரும்பு வளையம்) போட்டு மட்டும்தான் இழுக்கணும். வண்டியில கொடி கட்டாயம் இருக்கணும். திரும்பி வந்ததும் ஏர் ஃபில்டரைத் தட்டி மணல் எடுங்க, அடியில நல்லா கழுவுங்க.

ரிம் இரவல் வேணும்னா வியாழனுக்குள்ள இங்கயே சொல்லிடுங்க.