பசை காயும் முன் படம் எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இணைப்புகளில் வரும், பழைய பொருள்களைக் கொண்டு செய்யும் கைவினைப் பக்கங்களைப் பார்த்துப் பலர் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்கிறார்கள். படங்கள் அழகாகவே இருக்கின்றன. செய்முறைதான் "ஒட்டவும், காயவிடவும், வண்ணம் தீட்டவும்" என்று மூன்று சொல்லில் முடிந்துவிடுகிறது. எந்தப் பசை, எத்தனை மணி நேரம், அட்டையை எந்தத் திசையில் வெட்டுவது என்ற விவரம் கிடையாது. செய்த பொருள் பிய்ந்து விழுவது அந்த விவரம் விடுபட்ட இடத்தில்தான்.

இதில் ஒரு நட்டமும் உண்டு. கழுவிக் காயவைத்த வெறும் பாட்டிலும் டப்பாவும் மறுசுழற்சிக்குப் போகும். பெயிண்டும் ஜிகினாவும் பசையும் ஏறிய பிறகு அது பெரும்பாலும் குப்பைதான். நாலு நாளில் உதிரும் அலங்காரத்துக்கு, செய்யாமலிருப்பதே மேல்.

பசையிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளைப் பசை காய்வது அதிலுள்ள தண்ணீர் வெளியேறுவதால். காகிதம், அட்டை, துணி, மரம் ஆகியவை அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கையோ கண்ணாடியோடு தகரத்தையோ ஒட்டினால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. நடுவில் பசை நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும், காய்ந்தாலும் தோல்போல உரிந்து வரும். சரி, சூட்டில் உருக்கி ஒட்டும் ஹாட் குளூ வைக்கலாமே என்றால், குளிர்பான பாட்டில் பிளாஸ்டிக் 70–80 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். குளூ துப்பாக்கியிலிருந்து வருவது அதைவிட மிகச் சூடாக இருக்கும். பாட்டில் சுருங்கிக் கோணலாகிவிடும். இந்த வகைப் பாட்டில்களுக்குப் பசையை மறந்துவிட்டு, ஓரத்தில் துளையிட்டு நூலால் தைப்பதுதான் சரி. வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க, மிதமான சூட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டியை மல்லாத்திப் பிடித்து, அதன்மேல் கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் தாளை விரித்து, விளிம்பை இரண்டு மூன்று விநாடி மட்டும் வைத்து எடுத்தால் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு மழுங்கிவிடும். இதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

பழைய பொருளில் செய்யக்கூடியவற்றுள் என் கணிப்பில் முதலிடம் பருத்தி டி-ஷர்ட் கால்மிதிக்குத்தான். பசையே வேண்டாம், துவைக்கலாம், பல ஆண்டு உழைக்கும். சட்டையை மேசையில் விரித்து, அக்குளுக்குக் கீழே நேராக வெட்டி மேல்பாகத்தை எடுத்துவிடுங்கள். கீழ் மடிப்புத் தையலையும் நீக்குங்கள். மிஞ்சுவது குழாய் மாதிரியான துணி. ஒரு பக்க மடிப்பை மறுபக்கத்தை நோக்கி மடித்து, 4 செ.மீ. மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். மடிப்புப் பக்கமிருந்து 2.5 செ.மீ. இடைவெளியில் வெட்டிக்கொண்டே போய், அந்த 4 செ.மீ. பட்டைக்குள் கத்தரி நுழையாமல் நிறுத்துங்கள். பிறகு பட்டையை விரித்து, ஒரு பக்க முதல் வெட்டிலிருந்து மறுபக்க இரண்டாம் வெட்டுக்குச் சாய்வாக வெட்டுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: நேருக்கு நேர் வெட்டினால் தனித்தனி வளையங்கள்தான் கிடைக்கும், நாடா கிடைக்காது. சுற்றளவு 100 செ.மீ., உயரம் 40 செ.மீ. என்றால் 16 சுற்று, அதாவது 16 மீட்டர் ஒரே நாடா. கையால் இழுத்துவிட்டால் ஓரங்கள் உள்ளே சுருண்டு கயிறுபோல ஆகும், நீளமும் கூடும். பாலியஸ்டர் அதிகமுள்ள துணியும், நெஞ்சில் ரப்பர் அச்சுள்ள பகுதியும் சரியாகச் சுருளாது; அவற்றை ஒதுக்கிவிடலாம்.

மூன்று நாடாவைச் சடைபோலப் பின்னி, சடையைச் சுற்றிச் சுற்றித் தைத்தால் கால்மிதி. 90க்கு 60 செ.மீ. நீள்வட்டம் வேண்டுமானால், நடுவில் முதலில் நேராகக் கிடக்கும் சடை 30 செ.மீ. இருக்க வேண்டும்; நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவது அதுதான். இந்த அளவுக்கு ஐந்தாறு டி-ஷர்ட் போகும். தைப்பதை மடியில் வைத்துச் செய்யக்கூடாது. கை தானாகவே இழுத்துப் பிடிக்கும், கால்மிதி கிண்ணமாகக் குழிந்துவிடும். மேசையில் படுக்கவைத்தே தைக்க வேண்டும். நேர்ப்பகுதியில் சடையின் ஒவ்வொரு கண்ணிலும், அதாவது பின்னல் வளைவிலும், ஊசி போகட்டும். வளைவில் மட்டும், புதிதாகச் சேரும் வெளிச்சடையில் இடையிடையே ஒரு கண்ணைத் தாண்டுங்கள்; அப்போதுதான் வெளிச்சுற்றுக்குத் தேவையான கூடுதல் நீளம் உள்ளே வரும். அளவுக்கு மீறித் தாண்டினால் ஓரம் அலையலையாக எழும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அங்கேயே பிரித்துத் திருத்துவது நல்லது. நான்கு சுற்றுக்குப் பிறகு தெரியவந்தால் நான்கையும் பிரிக்க வேண்டியதுதான்.

செய்தித்தாள் கூடைக்கு வருவோம். பெரிய அளவு நாளிதழ் பொதுவாக மேலிருந்து கீழாக நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணும். காகித இழைகள் போகும் திசை அது. ஆகவே நீளவாக்கில் சுமார் 10 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கிழித்து, 2 அல்லது 3 மி.மீ. பின்னல் ஊசியை ஒரு மூலையில் சாய்வாக வைத்து இறுக்கிச் சுருட்டி, கடைசி மூலையில் மட்டும் பசை தொட்டு ஒட்டுங்கள். அச்சில்லாத வெள்ளை ஓரம் வெளியே வரும்படி சுருட்டினால் வெள்ளைக் குழல் கிடைக்கும், பெயிண்டே தேவைப்படாது. குழலின் ஒரு முனை மெலிந்தும் மறுமுனை சற்று அகன்றும் இருந்தால் நீட்டிக்கும்போது ஒன்றை ஒன்றுக்குள் செருகலாம். ஒற்றைக் குழலால் பின்னுவதானால் நிற்கும் குழல்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை வைத்தால் இரண்டாம் சுற்றும் முதல் சுற்றின் பாதையிலேயே போகும், பின்னல் விழாது. வளைக்கும்போது மொடமொடவென்று உடைந்தால் ஈரக்கையால் லேசாகத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். முடிந்ததும் பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு வார்னிஷ். ஈரத்தின்மேல் வார்னிஷ் அடித்தால் வெண்மை படர்ந்துவிடும்.

தகர டப்பாவில் ஆணியால் துளையிட்டால் சுவர் நசுங்கும். விளிம்புக்கு 2 செ.மீ. கீழே வரை தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் கட்டியாக்கி, மடித்த துண்டின்மேல் படுக்கவைத்து அடித்தால் நசுங்காது. பனிக்கட்டி விரிவதால் அடிப்பாகம் கொஞ்சம் உப்பும், பிறகு தட்டிச் சமன்செய்யலாம். துளை விழுந்த இடத்தில் உட்பூச்சு போய்விடுவதால் அங்கே துரு பிடிக்கும். செடி வைப்பதானால் உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டி கட்டாயம்.

அட்டைக்கு இரண்டு விஷயங்கள். ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தால் அது வளையும், பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்தால் நிமிரும். மேசை டிராயருக்குத் தடுப்பு செய்வோர் 10 செ.மீ. உயர அட்டையில் 5 செ.மீ. ஆழத்துக்கு, அட்டையின் கனம் எவ்வளவோ அவ்வளவு அகலத்தில் வெட்டு வைத்து ஒன்றோடொன்று கோத்தால் போதும். வெறும் கோடாகக் கீறிவிட்டுத் திணித்தால் அட்டைக்குள் இருக்கும் நெளித்தாள் மடங்கிப்போகும்.

இவ்வளவையும் பத்திரிகையில் போட இடம் கேட்பது நியாயமில்லை என்று தெரியும். படத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, பசையின் வகை, காயும் நேரம், எங்கே தவறும் என்ற மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும்.

சில யோசனைகளை மட்டும் அறவே வெளியிடாதீர்கள். பூச்சிமருந்து, எஞ்சின் ஆயில் டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. சி.எஃப்.எல். பல்புக்குள் பாதரசம் இருக்கிறது. குடுவை செய்வதற்கு உடைக்க வேண்டிய பொருள் அது அல்ல. தெர்மகோலில் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மகோலையே அரித்துவிடும். கண்ணாடி பாட்டிலில் நூலைக் கட்டி, எரிதிரவத்தில் நனைத்துக் கொளுத்தி, குளிர்நீரில் முக்கி வெட்டும் முறை அடிக்கடி "சுலபம்" என்ற தலைப்போடு வருகிறது. திடீர் வெப்பமாற்றத்தில் விரிசல் நூல் வழியே மட்டும் ஓடும் என்று எந்த உறுதியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விளிம்பில் தங்கி, பிறகு ஒருநாள் கழுவும்போது கையோடு வரும். முன்பே இது வெளியாகியிருந்தால், அடுத்த இதழிலேயே ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கைவினைப் பயிற்றுநரான ஒரு வாசகர்