குவிஸ்லிங்கின் நார்வேயும் அதன் காவல்துறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலப் பொம்மை அரசுகளைப் பற்றிய உங்கள் தொடரை விடாமல் படித்து வருகிறேன். நார்வே பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், ஜெர்மானியருக்கு ஒத்துழைத்துப் பொம்மை அரசை நடத்திய குவிஸ்லிங்கின் குணச்சித்திரம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அங்கே நடந்த கைதுகளையெல்லாம் கெஸ்டபோ என்ற ஜெர்மானிய ரகசியப் போலீஸின் கணக்கிலும், 'ஒருசில துரோகிகள்' கணக்கிலும் கட்டுரையாளர் எழுதிவிட்டார். எனக்குள்ள மனக்குறை அதுதான். வேலையின் பெரும்பகுதியைச் செய்தது நார்வேயின் சொந்தக் காவல்துறை. அதை விட்டுவிட்டால் அந்தப் பொம்மை அரசு எப்படி ஓடியது என்பதே புரியாமல் போய்விடும்.

ஜெர்மானியர் 1940 ஏப்ரலில் வந்து இறங்கியபோது, நார்வே காவல்துறை நகராட்சிகளின் கையிலிருந்து நடுவண் அரசின் கைக்கு மாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் நல்ல ஜனநாயகவாதிகள்தான். ஆனால் ஒரே தலைமைக்கு அடங்கிய துறை என்றால், பிடிக்க வருகிறவனுக்கு அந்தத் தலைமையைப் பிடித்தால் போதும். நார்வேயை ஆள ஹிட்லர் அனுப்பிய ஆட்சியாளர் டெர்போவன் 1940 செப்டம்பரில் காவல்துறைப் பொறுப்பை யூனாஸ் லீயிடம் கொடுத்தார்.

இந்த லீயைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஆளோ கதைக்குரிய ஆள். புகழ்பெற்ற நார்வே எழுத்தாளர் ஒருவரின் பேரன், பெயரும் தாத்தாவின் பெயரே. வேறு பெயரில் துப்பறியும் நாவல்களும் எழுதியவர். 1935இல் ஜெர்மனி, பிரான்ஸ் எல்லையிலுள்ள சார் பகுதியில் பொது வாக்கெடுப்பு நடந்தபோது பன்னாட்டுக் காவல் படையில் பணியாற்றினார். 1936 டிசம்பரில் ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியை நார்வேயிலிருந்து வெளியேற்றி எண்ணெய்க் கப்பலில் மெக்சிகோவுக்கு அனுப்பியபோது, கூடவே காவலுக்குப் போனவரும் இவரே. அதாவது தெருச் சண்டைக்காரர் யாரையோ பிடித்துப் பதவியில் உட்காரவைக்கவில்லை. துறையில் வளர்ந்த, மேலதிகாரிகள் நம்பிய போலீஸ் அதிகாரி அவர்.

லீ முதலில் செய்தது, காவலர்களைக் குவிஸ்லிங்கின் நாஷனல் சாம்லிங் கட்சியில் சேரச் சொல்லி நெருக்கியது. பத்துக்கு நான்கு பேர் அளவில் சேர்ந்தார்கள். அதே நாட்டில் ஆசிரியர்களும் பாதிரியார்களும் கூட்டமாக எதிர்த்து நின்ற காலம் அது. காவலர்கள் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டால், எல்லாரும் நாஜிகள் என்று சொல்லிவிட முடியாது. பதவி, சம்பளம், 'நாம் விலகினால் இதைவிட மோசமானவன் வருவான்' என்ற சமாதானம் எல்லாம் சேர்ந்ததுதான். கடைசிக் காரணத்தைப் போருக்குப் பிறகு எத்தனையோ பேர் நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

1941இல் ஸ்டாட்ஸ்பொலிட்டியட் என்ற தனி அரசியல் போலீஸ் உருவானது. கார்ல் மார்ட்டின்சென் அதன் தலைவர். கட்டுரையாளர் இதைக் கெஸ்டபோவின் கிளை போல எழுதியிருக்கிறார். ஜெர்மானியரோடு ஒட்டி வேலை செய்தது உண்மை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் நார்வேக்காரர்கள், அவர்களில் பலர் பழைய போலீஸ்காரர்கள்.

அப்புறம் காகித வேலை. 1942 ஜனவரியில், யூதர்கள் தங்கள் அடையாள அட்டையில் 'ஜே' முத்திரை குத்திக்கொள்ள வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. முத்திரை குத்தியது, கேள்வித்தாளை நிரப்பி வாங்கியது எல்லாம் ஊர்க் காவல் நிலையங்களில். அங்கே இருந்தவர் பக்கத்துத் தெருக்காரராகவும் இருந்திருப்பார். நார்வேயில் அப்போது யூதர்கள் சுமார் 2,100 பேர்தான். அவ்வளவு சிறிய கூட்டத்தை ஊர் ஊராக, வீடு வீடாக எழுதி வைத்திருந்ததால்தான், நாள் வந்தபோது தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

அந்த நாள் அக்டோபரில் வந்தது. 22ஆம் தேதி ஸ்வீடன் எல்லையை ஒட்டிய ஹால்டன் ஊர்ப் பக்கம் ரயிலில் யூத அகதிகளை ஸ்வீடனுக்குக் கூட்டிப்போன வழிகாட்டி ஒருவர் எல்லைக் காவலரைச் சுட்டுக் கொன்றார். அது நல்ல சாக்காகப் போயிற்று. 26ஆம் தேதி யூத ஆண்களைப் பிடித்தார்கள். அதே தேதியில் யூதர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் சட்டமும் வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 26 அதிகாலை, பெண்களும் குழந்தைகளும். ஆஸ்லோவில் இதை ஒழுங்குபடுத்தியவர் ஸ்டாட்ஸ்பொலிட்டியட்டின் க்னுட் ரோட். கைதுசெய்யப் போவதற்குச் சுமார் 300 பேரைத் திரட்டினார். நூறு டாக்சிகள் வரை அமர்த்தினார். துறைமுகத்தில் நின்ற டோனாவ் என்ற கப்பல் ஜெர்மானியருடையது. வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் நார்வேக்காரர்கள். அன்று 500க்கும் மேற்பட்டோர் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். ஸ்டெட்டின் துறைமுகத்தில் இறக்கி, ரயிலில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு. டிசம்பர் 1ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உடனே கொல்லப்பட்டார்கள். போர்க்காலம் முழுவதும் நார்வேயிலிருந்து அனுப்பப்பட்ட யூதர்கள் 770க்கு மேல். உயிரோடு திரும்பியவர்கள் 40 பேர்கூட இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் கட்டுரையாளர் செய்ததையே தலைகீழாகச் செய்கிறேன் என்று ஆகிவிடும். ஸ்வீடனுக்குத் தப்பிய யூதர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் சிலருக்கு முன்கூட்டியே காதில் போட்டது போலீஸ்காரர்களே. 1943இல் குன்னார் ஐலிஃப்சென் என்ற ஆஸ்லோ அதிகாரி, கட்டாய உழைப்புக்கு வராத இளம்பெண்களைக் கைதுசெய்யும் உத்தரவை நிறைவேற்ற மறுத்தார். அதற்கு மரண தண்டனை தரச் சட்டத்தில் இடமில்லை. அதனால் என்ன, முன்தேதியிட்டுச் செல்லும்படி புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். ஆகஸ்ட் 16 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். குவிஸ்லிங் நினைத்திருந்தால் கருணை காட்டியிருக்கலாம், காட்டவில்லை. போருக்குப் பின் அவர்மீது வந்த கொலைக் குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று.

அன்றைக்கே நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான காவலர்களை ஜெர்மானியர் பிடித்தார்கள். விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்த சுமார் 270 பேரை ஸ்டுட்ஹோஃப் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். இவர்களில் எத்தனை பேர் முந்தைய ஆண்டு நவம்பரில் பணியில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. யூதக் குடும்பங்களைக் கூட்டிப்போகச் சொன்னபோது இந்த அளவுக்கு மறுப்பு எழவில்லையே. இதற்கிடையே ஸ்வீடனில் நார்வே அகதிகளைத் திரட்டி 'போலீஸ் படை' என்ற பெயரில் 13,000க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நடுநிலை நாட்டில் ராணுவம் என்று சொல்ல முடியாதல்லவா!

கட்டுரை 1945இல் குவிஸ்லிங் சுடப்பட்டதோடு முடிகிறது. காவல்துறைக் கதை அங்கே முடியவில்லை. மார்ட்டின்செனை எதிர்ப்பியக்கத்தார் 1945 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். லீ மே மாதம், சரணடைய வேண்டிய நேரத்தில் செத்துக் கிடந்தார். தேசத்துரோக வழக்குகளில் முதலில் சுடப்பட்ட ஹாலான் ஸ்டாட்ஸ்பொலிட்டியட்டில் வேலை செய்த ஓர் இளைஞர். கைதிகளைச் சித்திரவதை செய்தவர். ஆனால் டாக்சி அமர்த்திய ரோட்? 1946இல் விடுதலை. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1948இல் மறுபடியும் விடுதலை. எதிர்ப்பியக்கத்துக்கு அவர் ரகசியமாக உதவினார், அந்த நாற்காலியில் நீடிக்க இந்தக் கைதுகளைச் செய்ய வேண்டியிருந்தது என்பது நீதிமன்றம் ஏற்ற வாதம். பிறகு அவர் போலீஸ் வேலைக்கே திரும்பி, 1960களில் ஓய்வு பெற்றார். அடித்தவனுக்குத் துப்பாக்கிக் குண்டு, பட்டியல் போட்டவனுக்கு ஓய்வூதியம்.

2012 ஜனவரியில், டோனாவ் நின்ற துறைமுகத்தில் பிரதமர் ஸ்டோல்டென்பெர்க், கைதுசெய்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும் நார்வேக்காரர்கள் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். காவல்துறைத் தலைவர் வருத்தம் தெரிவித்தது அதே ஆண்டு நவம்பரில், சம்பவம் நடந்து 70 ஆண்டுகள் கழித்து.

உங்கள் தொடர் இன்னும் சில நாடுகளைத் தொடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். மற்ற அரசுகளைப் பற்றி எழுதும்போதும் அமைச்சரவையை விவரிக்கும் அளவுக்குக் காவல் நிலையத்தையும் விவரிக்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். நார்வேக்கு ஒரு பிற்சேர்க்கை எழுத அவருக்கு இடம் கொடுக்க முடிந்தால், ரோட் வழக்கின் தீர்ப்புகளை அவர் விரிவாக எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி