திருகாணியைத் தொடும் முன்: செட்டிநாட்டு மெக்கானிக்குகளுக்கு ஒரு மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கேஸ் கிட் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். நான் கானாடுகாத்தானில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களை ரயிலடியில் ஏற்றி, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, பிள்ளையார்பட்டி என்று சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. கார் பெட்ரோல் கார். எல்.பி.ஜி.யிலும் ஓடக் கேஸ் கிட் மாட்டி ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றியிருக்கிறேன். வீட்டு சிலிண்டரைக் கவிழ்த்து ஓட்டுகிறவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம், கல்யாண நேரம். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி. ஓட, ஒரு லாரியைத் தாண்ட அழுத்தினேன். கார் முன்னே போகாமல் குலுங்கிக் குலுங்கி நின்றது. பின்சீட்டில் இருந்த ஆச்சி, "தம்பி, காருக்கு விக்கல் எடுக்கிறதே, தண்ணீர் கொடுத்தாயா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஸ்கேனரில் வந்த எண் பி0171. கலவை லீன், அதாவது காற்றுக்குத் தகுந்த எரிபொருள் இல்லை. அங்கே தொடங்கியது என் அலைச்சல். முதல் பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். இரண்டாவது பட்டறையில் லேப்டாப்பை மாட்டி, எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு கேஸ் என்று சொல்லும் மேப் முழுவதிலும் கேஸை ஏற்றிவிட்டார்கள். விளக்கு ஒரு வாரம் அணைந்திருந்தது. மூன்றாவது இடத்தில், கேஸின் அழுத்தத்தைக் குறைத்து எஞ்சினுக்கு அனுப்பும் ரெட்யூசரின் திருகாணியை அரைச்சுற்று திருகினார்கள். நான்காவது இடத்தில் கையே வைக்கவில்லை, "கேஸ் வண்டி என்றாலே அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். போன பணம்கூடப் பெரிதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஐந்தாவதாகப் பார்த்தவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. ஸ்கேனரை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "ஓட்டுங்கள்" என்றார். கேஸில் ஓடும்போது, ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டும் குறைக்கும் சதவீதம், நின்ற நிலையில் மைனஸ் 11, ஏ.சி.யோடு அழுத்தினால் பிளஸ் 22. பிறகு கேஸ் சுவிட்சை அணைத்துப் பெட்ரோலில் ஓட்டச் சொன்னார். முதலில் அழுத்தும்போதெல்லாம் சைலன்சரில் கரும்புகை. நான் பதறினேன், அவர் அசையவில்லை. கேஸ் போதாமல் தவித்த நாட்களில் பெட்ரோல் கம்ப்யூட்டர் கூட்டி ஊற்றப் பழகிவிட்டது, பெட்ரோலிலும் அந்தப் பழக்கத்தில் ஊற்றுகிறது, ஓட ஓட மறந்துவிடும் என்றார். இருபது கிலோமீட்டரில் எண் பிளஸ் 3-க்கு இறங்கியது, புகையும் நின்றது.

பெட்ரோலில் சரி, கேஸில் மட்டும் கோளாறு; அதுவும் அழுத்தும்போது மட்டும். அப்படியானால் கேஸ் வரும் வழியில் எங்கோ அடைப்பு. மறுபடி கேஸுக்கு மாற்றி லேப்டாப்பில் கேஸ் அழுத்தத்தைக் காட்டினார். 1.2 பாரில் நிற்க வேண்டியது, மிதித்தவுடன் 0.8-க்கு விழுந்தது. இரண்டாவது பட்டறையில் இருந்ததும் இதே லேப்டாப்தான். அந்த எண்ணும் அதே திரையில்தான் இருந்திருக்கும்.

டாங்க் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருந்த கேஸ் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, ரெட்யூசருக்கு முன்னால் இருந்த ஃபில்டரைக் கழற்றினார். சுண்ணாம்பு டப்பா அளவுதான். வெளிர் நிறத்தில் இருக்க வேண்டிய காகிதம் கருத்துப் பிசுபிசுத்தது. விரலால் தடவினால் விளக்குக் கரியில் நெய் குழைத்ததுபோல ஒட்டியது, இடையிடையே துருத்தூள். ரெட்யூசரின் வடிகாலைத் திறந்ததும் ஒரு கரண்டி கறுப்பு எண்ணெய் வழிந்தது. நான்கு பட்டறைகளிலும் இதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஃபில்டரை மாற்றியதோடு முடியவில்லை. முன்பு ஏற்றிவைத்த மேப்பையும் திருகாணியையும் பழைய இடத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

முதலில் கழற்றிப்போட்ட சென்சாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பார்ப்பது ஆக்சிஜனைத்தான். பிளக் சரியாகப் பொறியாமல் எஞ்சினின் ஒரு சிலிண்டரில் கலவை எரியாவிட்டால், எரியாத காற்று வெளியே வருவதைப் பார்த்து லீன் என்றுதான் சொல்லும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் அப்படியே. கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி வேண்டும். இடைவெளி அகன்றுபோன பழைய பிளக் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் காட்டிக்கொடுத்துவிடும். என் காரில் பிளக்கும் நன்றாக இருந்தது, குழாயும் நன்றாக இருந்தது. உள்ளதைச் சொன்ன பாவத்துக்குச் சென்சாரைக் கழற்றினார்கள்.

எல்லா லீனும் கேஸ் பக்கம் என்றும் சொல்லவில்லை. தேவகோட்டையில் என் சித்தப்பா மகன் பார்த்துக்கொள்ளும் கார் ஒன்று. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், வருடத்தில் பதினோரு மாதம் ஷெட்டில் கிடக்கும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்தவர்கள் எடுத்தபோது பெட்ரோல், கேஸ் இரண்டிலும் லீன். நின்ற நிலையில் அதிகம், வேகம் கூட்டினால் குறைவு. அந்தக் கணக்குக்குக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்றுதான் பொருள். எலி கடித்த ரப்பர் பைப் அகப்பட்டது. கிட்டைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

இத்தனையும் எனக்குப் பிக்கப் வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று என்றால், கேஸில் இருக்கும் புரொப்பேனுக்கு 15.7. அந்தக் கணக்குக் குலைந்து மாதக்கணக்கில் சுமையோடு லீனில் ஓடினால், வெளிப்போக்கு வால்வும் அதன் இருக்கையும் தீய்கின்றன. எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்றும் செலவு வாடகைக் காரனுக்கு ஒரு சீசன் வருமானம்.

ஆகவே, லீன் என்று வண்டி வந்தால் முதலில் பெட்ரோலில் ஓட்டிப் பாருங்கள். அந்த எண்களை வண்டிக்காரருக்கும் காட்டுங்கள். எங்களுக்குப் புரியாது என்று நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். ஃபில்டர் மாற்றிய கிலோமீட்டரைப் பானெட்டின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். கசிவைச் சோப்பு நீரில் பாருங்கள், தீக்குச்சியில் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது. நீங்கள் இறங்கி வேலை பார்க்கும் குழிக்குள்தான் போய்த் தேங்கும்.

என் பழைய ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். காலை ரயிலுக்குக் காரைக்குடி ரயிலடியில்தான் நிற்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் வாடகைக் கார்க்காரன்