ரெண்டு ஐயாவையும் பிரிச்சுக் காட்டுனவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல இருந்து முதமுதல்ல பர்மாவுக்குக் கப்பல் ஏறுனது யாருன்னு ஒன்றரை வருஷமா தேடிக்கிட்டு இருந்தேன், இப்ப அது ஒரு நெலைக்கு வந்திருச்சு. உதவுனவங்க எல்லாருக்கும் போன்ல சொல்லிட்டேன், ஆனாலும் நாலு பேரறிய சொல்லாம இருக்க மனசு கேக்கல. பேரு போட வேண்டாம்னு அவங்கள்ல பாதிப் பேரு சொல்லிட்டாங்க, அதனால யாரு பேரும் போடல.

நாங்க நகரத்தாருல நேமம் கோயில் பிரிவு, ஊரு பள்ளத்தூர். சின்னப் புள்ளையில இருந்து கேட்டு வளந்த கதை இதுதான்: எங்க ஐயா, அதாவது அப்பாவப் பெத்தவங்க, ரங்கூன் போயி கொண்டுவிச்சு, அதான் தொழில் பண்ணி, வீட்டைக் கட்டி, சப்பான்காரன் குண்டு போட்டதும் எல்லாத்தையும் விட்டுட்டு நடந்தே ஊரு வந்து சேந்தாங்க. நாங்களும் அப்படியே எங்க புள்ளைகளுக்குச் சொல்லிட்டோம். ஆனா ரங்கூன்ல குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, அப்ப ஐயாவுக்கு இருவத்தோரு வயசு. அந்த வயசுக்குள்ள முகப்பும் பட்டாலையும் ரெண்டு கட்டும் தேக்குத் தூணுமா எப்படிக் கட்டியிருக்க முடியும்னு ஒருத்தருமே யோசிக்கல, நானும்தான்.

முதல் நன்றி, வீட்டைப் பாத்துக்கிற அக்காவுக்கு. பங்காளிக எல்லாம் வெளியூர்ல, வருஷத்துக்கு ஒருதடவை படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படையல் போட, வந்து கதவைத் தொறக்குறதோட சரி, அவங்கதான் நாப்பது வருஷமா கூட்டிப் பெருக்கி வெளக்கேத்துறாங்க. பெட்டகத்துக்கு அடியில கறையான் ஏறுறதப் பாத்து, உள்ள இருந்த ஓலைக்கட்டை வெளிய எடுத்து, வேட்டித் துணியில சுத்தி, மேல பரண்ல வச்சிருக்காங்க. அத அவங்க குப்பைன்னு நெனச்சிருந்தா இந்தக் கதையே இல்ல.

அந்தக் கட்டுல ஒரு ஓலை இசைகுடிமானம், அதாவது கல்யாணத்துல ரெண்டு வீட்டாரும் எழுதிக்கிற ஒப்பந்தம். சித்திரபானு வருஷம் ஆவணி மாசம்னு இருந்துச்சு. 1942 சித்திரபானு, ஐயா நடந்து வந்து நாலு மாசத்துல கல்யாணம், மாப்பிள்ளை பேரும் ஐயா பேருதான், எல்லாம் பொருந்துதேன்னு சந்தோசப்பட்டா பொண்ணு பேரு எங்க அப்பத்தா பேரு இல்ல. அத்தை அழுதே போட்டாங்க, எங்க ஆத்தாவுக்கு முன்னாடி வேற ஒருத்தங்க இருந்தாங்களான்னு. ஒரு மாசம் வீட்டுல யாரும் அதப் பத்திப் பேசிக்கல.

அப்பத்தான் காரைக்குடி தமிழ் ஐயாகிட்ட போனேன், ரிடையர் ஆகி இருவது வருஷமாச்சு. ஓலையில எலுமிச்சம்புல் எண்ணெயத் தடவி, வெளக்குக் கரியப் பூசி, துணியால மெதுவாத் தொடச்சாங்க, தொடைக்கத் தொடைக்க எழுத்து கறுப்பா எந்திரிச்சு வந்துச்சு பாருங்க, அந்த நிமிசத்த நான் மறக்க மாட்டேன். ஓலையில புள்ளி கெடையாது, எ-யும் ஏ-யும் ஒண்ணு, காலும் ர-வும் ஒண்ணு, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படிச்சுப் படிச்சுத்தான் சொல்லு பிடிபடும். நாலு நாள் உக்காந்தாங்க, காபிய விட வேற ஒண்ணும் வாங்கிக்கல. அவங்கதான் கேட்டாங்க, "ஏம்மா, சித்திரபானு அறுவது வருஷத்துக்கு ஒருதடவை வருமே, இது 1882 ஆ இருந்தா?"

உங்களுக்கே தெரியும், நம்மள்ல ஐயா பேர பேரனுக்கு விடுறோம். வருஷப் பேரும் அறுவதுல திரும்பி வருது, ஆளு பேரும் ஏறத்தாழ அதே கணக்குல திரும்பி வருது. ஓலையில இருந்த தேதியையும் கிழமையையும் நட்சத்திரத்தையும் குன்றக்குடி பக்கம் ஒரு ஜோசியர் ரெண்டு வருஷத்துக்கும் போட்டுப் பாத்து, 1942க்கு ஒத்து வரல, 1882க்குத்தான் வருதுன்னு சொன்னாரு. அந்த மாப்பிள்ளை எங்க ஐயா இல்ல, எங்க ஐயாவோட ஐயா, எங்களுக்குப் பாட்டையா. ரெண்டு பேரையும் சேத்து ஒரே ஆளாக்கி வச்சிருந்தோம். ராத்திரி பத்து மணிக்கு அத்தைக்குப் போன் போட்டேன், அவங்க ஒண்ணுமே சொல்லல, அப்பச்சி, அதான் அவங்க அப்பா, படத்துக்கு முன்னாடி வெளக்கேத்திட்டு வரேன்னாங்க.

அதுக்கப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடை வச்சிருக்க அண்ணன். ஊரையும் பேரையும் எழுதிக் கொடுத்துட்டு வந்திருந்தேன், எட்டு மாசங்கழிச்சுக் கூப்புட்டு "ஆச்சி, ஒரு பேரேடு வந்திருக்கு, வந்து பாருங்க"ன்னாரு. வேற ஒரு குடும்பத்து விலாசம் போட்ட பேரேடு, யாரோ எடைக்குப் போட்டது. உள்ள தாரண வருஷம், அதாவது 1884, சம்பளக் கணக்குல எங்க பாட்டையா பேரு, ஊரு, நாகப்பட்டினம் கப்பல் செலவு. 1944ல சண்டை நடந்த பர்மாவுக்கு யாரு கணக்கெழுதப் போயிருப்பா, இதுல குழப்பத்துக்கே எடமில்ல. அவங்க முதலாளியாப் போகல, இன்னொருத்தரு கடைக்கு அடுத்தாளா, அதாவது கடையை நடத்துறவருக்கு உதவியாளாப் போயிருக்காங்க. மூணு வருஷச் சம்பளத்துல ஒரு பகுதிய முன்கூட்டியே வீட்டுல கொடுத்துட்டு, கல்யாணமாகி ரெண்டே வருஷத்துல கெளம்பியிருக்காங்க. பெரிய முதலாளின்னு கேட்டு வளந்த எனக்கு அந்த ஒரு வரி அத்தனையையும் விடப் பெருசாத் தெரியுது. காசு வாங்கிக்க மாட்டேன்னுட்டாரு அண்ணன், பக்கங்கள போட்டோ எடுத்துக்கிட்டு பேரேட அந்தக் குடும்பத்தத் தேடிக் கொடுத்துட்டோம்.

ரங்கூன்ல, பழைய மொகல் தெரு, இப்ப ஷ்வே பொந்தா தெருங்கிறாங்க, அந்தத் தெருவ மொட்ட வெயில்ல கோடிக்குக் கோடி நடந்து வீடியோ எடுத்து அனுப்புன தம்பிக்கும் நன்றி. நம்ம பாஷையில நாலாவது தலைமுறையாப் பேசுறாரு. எந்தக் கட்டடம்னு தெரியாட்டியும் அந்த மண்ணப் பாத்தாச்சு.

ஓலையில பொண்ணுக்கு ஊரு கண்டனூர்னு இருக்கு. அந்த வீட்டுப் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க, வந்து பாக்கணும். இத்தன வருஷமா படைப்புல அந்தப் பேருக்கு ஒரு வேட்டிதான் வச்சோம். வர்ற படைப்புக்கு ரெண்டு வேட்டி எடுத்திருக்கோம், நாங்க பேரே கேள்விப்படாம இருந்த அந்த ஆச்சிக்கு ஒரு கோடிச் சேலையும். தமிழ் ஐயாவும் அக்காவும் வரேன்னு சொல்லியிருக்காங்க.