கடிகாரக்காரனும் பன்னிரண்டு பாட்டிகளும்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, படிக்க அவசரப்படாதே. இதையும் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேள். இங்கே கனடாவில், ஹாலிஃபாக்ஸில் மகள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்கு முழங்கால் மட்டும் குளிரில் தகராறு செய்கிறது.

"அந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிக்கத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாய். தெரியும். இருநூறு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த பழைய நையாண்டிப் புத்தகங்களைத்தான் இந்தக் குளிர்காலம் முழுக்கப் படித்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. ஆட்சி அவ்வளவு கேவலமாக இருந்த காலம் அது. ஆனால் எழுதியவர்கள் ஆட்சியை விட்டுவிட்டு ஊராரைத்தான் கேலி செய்திருக்கிறார்கள். அது ஏன் என்று உன்னிடம் பேச வேண்டும்.

இந்த ஹாலிஃபாக்ஸ் இருக்கிற மாகாணம் நோவா ஸ்கோஷியா, அன்று அது பிரிட்டிஷ் காலனி. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை 1758 முதலே இருந்தது. என்ன பிரயோஜனம்? கவர்னர் பக்கத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட கவுன்சில் ஒன்று. சட்டமும் அவர்கள் கையில், நிர்வாகமும் அவர்கள் கையில். கதவைச் சாத்திக்கொண்டுதான் கூடுவார்கள். தலைமை நீதிபதி அதில் ஒருவர், இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிகன் சபையின் பிஷப் ஒருவர். ஒரே வங்கியின் பங்காளிகள் ஐந்து பேர் ஒரு கட்டத்தில் அதில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டசபை எதை நிறைவேற்றி அனுப்பினாலும், பிடிக்காவிட்டால் அங்கேயே கதை முடிந்தது.

அதில் அடிபட்டவர் தாமஸ் மெக்கல்லக். ஸ்காட்லாந்திலிருந்து வந்த, பிரெஸ்பிடீரியன் என்ற வேறு சபைப் பாதிரியார். ஆங்கிலிகன் அல்லாத பிள்ளைகளும் படிக்கட்டும் என்று அதே மாகாணத்துப் பிக்டூ ஊரில் ஒரு அகாடமி தொடங்கினார். அதற்கு நிரந்தர மானியம் தர சட்டசபை முன்வரும், கவுன்சில் தட்டிக்கழிக்கும். இது வருஷக்கணக்கில் நடந்தது. அவர்தான் 1821 டிசம்பரில் 'அகேடியன் ரெகார்டர்' பத்திரிகையில் மெஃபிபோஷெத் ஸ்டெப்ஷூர் என்ற நொண்டி விவசாயியின் பெயரில் கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். முதல் கடிதத்திலேயே காஸ்லிங் என்று ஒருவன் வருகிறான். அப்பன் விட்டுப்போன நிலத்தில் பாடுபட அலுத்துப்போய்க் கடை வைக்கிறான், கடனில் மூழ்குகிறான், கடைசியில் ஷெரிஃப் வந்து பிடித்துக்கொண்டு போகிறார். அவன் கண்டுபிடித்த உண்மை என்ன தெரியுமா? இந்த நாடே மனுஷன் பிழைக்க லாயக்கில்லாத நாடு! ஸ்டெப்ஷூரோ எங்கும் போக முடியாத காலோடு தன் வயலில் கிடந்தே நிமிர்ந்துவிடுகிறான். நெப்போலியன் யுத்தம் முடிந்து போர்க்கால வியாபாரம் படுத்துவிட்ட காலம் அது. காஸ்லிங்குகளுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. கனடாவின் அசல் நகைச்சுவைக்கு மூலவர் மெக்கல்லக்தான் என்று விமர்சகர் நார்த்ராப் ஃப்ரை சொன்னார். எனக்கு அதில் முழுச் சம்மதம். முகத்தில் சிரிப்பே காட்டாமல் கழுத்தறுக்கிற ஆள்.

அடுத்தவர்தான் கதாநாயகன், வில்லனும் அவரே. தாமஸ் சாண்ட்லர் ஹாலிபர்ட்டன். வின்ட்ஸர் ஊர்க்காரர், வக்கீல், 1826-ல் சட்டசபைக்கு வந்தார். கத்தோலிக்கர்கள் மேலிருந்த தடைகளை நீக்கப் பேசினார். மெக்கல்லக்கின் அகாடமிக்காகவும் பேசினார். ஒருநாள் வாய் நீண்டு, கவுன்சிலைப் பார்த்து, 'கண்ணியமான, நிறையப் படித்த, பென்ஷன் வாங்குகிற பன்னிரண்டு பாட்டிகள்' என்றுவிட்டார். கவுன்சில் கொதித்தது. சட்டசபை தன் உறுப்பினரையே எழுப்பி நிறுத்திக் கண்டித்தது. 1829-ல் அப்பா இறந்ததும் அவருடைய நீதிபதி பதவி மகனுக்கு வந்தது. அப்புறம் பாட்டிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் பேனா ஓயவில்லை. 1835 செப்டம்பரில் 'நோவாஸ்கோஷியன்' பத்திரிகையில் அவர் எழுதத் தொடங்கிய தொடர்தான் அடுத்த வருஷம் 'தி கிளாக்மேக்கர்' என்று புத்தகமானது. சாம் ஸ்லிக் என்ற அமெரிக்கன் குதிரையில் ஊர் ஊராகப் போய்ச் சுவர்க்கடிகாரம் விற்கிறான். ஆறரை டாலர் சரக்கை நாற்பது டாலருக்குத் தள்ளுகிற வித்தையைக் கேள். ஃபிளின்ட் என்கிற விவசாயி வீட்டுக்குப் போய் அவர் நிலத்தைப் புகழ்கிறான், உடம்பைப் புகழ்கிறான். 'இது கடைசிக் கடிகாரம், பக்கத்து வீட்டு அம்மாளுக்குச் சொல்லியாகிவிட்டது, திரும்பி வரும்வரை உங்கள் வீட்டில் இருக்கட்டும்' என்று மாட்டிவிட்டுப் போய்விடுகிறான். வீட்டம்மா தினம் அதைப் பார்த்துப் பழகிய பிறகு அது சுவரை விட்டு இறங்குமா? இப்படி விட்டு வந்த பன்னிரண்டாயிரத்தில் பத்தே பத்துதான் திரும்பி வந்ததாம். இன்று 'முதல் மாதம் இலவசம்' என்று போனில் கூப்பிடுகிற பயல்களுக்கு இவன்தான் குலகுரு.

சாம் ஸ்லிக்கின் வாய் வழியாக நீதிபதி சொல்வது இதுதான்: வாசலில் மீன் இருக்கிறது, மண் இருக்கிறது, ஓடுகிற தண்ணீர் இருக்கிறது, நீங்கள் தூங்கிக்கொண்டு அரசியல் பேசுகிறீர்கள். அமெரிக்கனின் சுறுசுறுப்பு வேண்டும், அவனுடைய குடியரசு மட்டும் வேண்டாம். அரசியல் பேசாமல் வேலையைப் பார் என்று ஊருக்கு உபதேசம் செய்பவர் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்த நீதிபதி என்பதை நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

ஆனாலும் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. அந்த மாகாணத்தில் ஆதரவற்ற ஏழைகளை வருஷத்துக்கு ஒருமுறை ஏலம் விடுவார்கள். யார் குறைந்த செலவில் சோறு போட்டு வைத்துக்கொள்கிறேன் என்கிறானோ, அவனிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இதைக் காட்டி ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார், வயிறு கலங்குகிறது. அதே புத்தகத்தில் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் புத்தகத்தை வீசத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே கையெழுத்து.

சரி, மேலே இருப்பவர்களைச் சிரித்தால் என்ன ஆகும்? இன்று ஒன்டாரியோ என்கிற மேல் கனடா காலனியில் அதற்கு ஒரு சாட்சி உண்டு. வில்லியம் லையன் மெக்கன்ஸி, 'கலோனியல் அட்வகேட்' ஆசிரியர். பாட்ரிக் ஸ்விஃப்ட் என்ற கற்பனைப் பெயரில் ஆளும் குடும்பங்களின் அந்தரங்கத்தை எல்லாம் கிழித்துத் தொங்கவிட்டார். 1826 ஜூனில், இன்று டொரன்டோ என்கிற யார்க் ஊரில், அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பட்டப்பகலில் அச்சகத்துக்குள் புகுந்து எந்திரத்தை உடைத்தார்கள், அச்செழுத்துகளை அள்ளி ஏரியில் கொட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், மெக்கன்ஸி அப்போது கடன்காரர்களுக்குப் பயந்து அமெரிக்கப் பக்கம் போயிருந்தார். கோர்ட்டு கொடுத்த 625 பவுண்டு நஷ்ட ஈடுதான் அந்தப் பத்திரிகையைப் பிழைக்க வைத்தது!

இங்கே ஹாலிஃபாக்ஸில் ஏரிக்கு வேலையில்லை, சட்டமே போதும். 'நோவாஸ்கோஷியன்' ஆசிரியர் ஜோசப் ஹோவ், 1835 ஜனவரி 1-ம் தேதி 'மக்கள்' என்று கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைப் போட்டார். மாஜிஸ்திரேட்டுகளும் போலீசும் முப்பது வருஷத்தில் 30,000 பவுண்டு மக்கள் பணத்தை விழுங்கினார்கள் என்பது அதன் சாரம். உடனே அவதூறு வழக்கு. அன்றைய சட்டத்தில் சொன்னது உண்மை என்பது எதிர்வாதமே ஆகாது. வக்கீல்கள் கை விரித்துவிட்டார்கள். ஹோவ் சட்டப் புத்தகங்களைக் கடன் வாங்கிப் படித்துத் தானே வாதாடினார், ஆறு மணி நேரத்துக்கு மேல். நீதிபதி அவதூறுதான் என்றே ஜூரிக்குச் சொன்னார். ஜூரி பத்தே நிமிஷத்தில் விடுதலை செய்துவிட்டது. அந்த அறை இப்போது சட்டசபை நூலகமாக இருக்கிறது, போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய அறையும் இல்லை.

இப்போது தேதியைப் பார், கணேசா. மார்ச்சில் ஹோவுக்கு விடுதலை. செப்டம்பரில் அதே ஹோவ், அதே பத்திரிகையில், 'அரசியல் பேசாதே' என்கிற ஹாலிபர்ட்டனின் தொடரைப் போடுகிறார், புத்தகமாகவும் அச்சடிக்கிறார். இருவரும் சிநேகிதர்கள். லண்டன் பதிப்பாளர் பென்ட்லி யாரையும் கேட்காமல் மறுபதிப்புப் போட, சாம் ஸ்லிக் உலகம் சுற்றினான்.

என் கணக்கு இதுதான். மெக்கல்லக் ஊராரைச் சிரித்தது, அவர்கள் கடனிலிருந்து நிமிர்ந்தால்தான் யாரிடமும் கைகட்டாமல் நிற்பார்கள் என்பதற்காக. அதில் ஓர் அப்பனின் கோபம் இருக்கிறது. ஹாலிபர்ட்டன் மேலே பார்த்து ஒருமுறை சிரித்துக் குட்டு வாங்கினார், அப்புறம் கீழே பார்த்தே சிரித்தார். திறமை இவரிடம்தான் அதிகம். அதுதான் எரிச்சல்.

பிறகு நட்பும் உடைந்தது, பணத் தகராறு பாதி, அரசியல் பாதி. மக்கள் சபைக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று 1839-ல், பிரிட்டன் நிலைமையை விசாரிக்க அனுப்பிய டர்ஹம் பிரபு அறிக்கை கொடுத்தார். ஹாலிபர்ட்டன் அதை எதிர்த்து எழுதித் தள்ளினார், ஹோவ் அதற்காகவே பாடுபட்டார். 1848 பிப்ரவரியில் பிரிட்டிஷ் காலனிகளிலேயே முதலாவதாக நோவா ஸ்கோஷியாவில் அந்த ஆட்சி வந்தது. ஹாலிபர்ட்டன் 1856-ல் இங்கிலாந்துக்கே போய்விட்டார். அங்கே பாராளுமன்ற உறுப்பினராக ஆனார், 1865-ல் அங்கேயே இறந்தார்.

ஸ்டெப்ஷூர் கடிதங்களில் முதலாவதைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். காஸ்லிங்கை நம் பக்கத்து ஆளாக மாற்றாமல் பிக்டூக்காரனாகவே வைத்திருக்கிறேன். அடுத்த தபாலில் அனுப்புகிறேன், வழக்கம்போல் சிவப்புப் பேனாவோடு உட்கார். தங்கச்சிக்கு என் விசாரிப்புகள்.

அன்புடன்,
சுந்தரம்