கைரேகையைத் தலைகீழாகப் படித்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமானுஷ்ய சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்களை அம்பலப்படுத்தியவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் படித்து முடித்தபோது, இந்த விஷயத்தில் ஏமாற்றுகிறவர், ஏமாறுகிறவர் என இரண்டு வகை ஆட்களே இருப்பது போலத் தோன்றியது. யாரையும் ஏமாற்றாமல், தன் வித்தையைத் தானே முழுசாக நம்பிக்கொண்டிருக்கிற மூன்றாவது ஆளும் உண்டு. அந்த ஆளைப் பற்றி ஆயுள் முழுக்க யோசித்தவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ரே ஹைமன். அவர் பெயர் கட்டுரையில் வராதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

1928இல் பிறந்த ஹைமன், பதின்வயதிலேயே மேஜிக் செய்து காசு சம்பாதித்தார். கூடவே கைரேகையும் பார்த்தார். ஆரம்பத்தில் அவருக்கு அதில் நம்பிக்கையில்லை, தொழிலுக்காகப் படித்தார். ஆனால் கை நீட்டியவர்கள் எல்லாரும் “அப்படியே சொல்லிட்டீங்க” என்று வியந்து வியந்து, கடைசியில் அவரே நம்பத் தொடங்கிவிட்டார். அப்போது ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மேடைக் கலைஞர் ஒரு யோசனை சொன்னார்: ரேகை என்ன சொல்கிறதோ அதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார். ஹைமனும் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் முன்பு போலவே வியந்து போனார்கள்!

இந்த இடத்தில்தான் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. நல்ல பெயர், நல்ல வருமானம், நம்பிக்கை எல்லாம் கையில் இருந்தபோது தன் வெற்றியையே சோதித்துப் பார்த்திருக்கிறார். கைரேகையில் ஒன்றும் இல்லையென்றால் வந்தவர்கள் எதைக் கேட்டுத் தலையாட்டினார்கள்? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. முன்பின் தெரியாதவரிடம் அவர் கதையையே சொல்வதுபோல் பேசும் ‘கோல்டு ரீடிங்’ பற்றி 1977இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பொதுவாக நாலு வாக்கியம் சொன்னால் போதும். கேட்கிறவர் தன் வாழ்க்கையிலிருந்து ஆளையும் ஊரையும் எடுத்து அதில் பொருத்திக்கொள்வார். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர், ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே குணவிவரக் குறிப்பை, தனித்தனியாக எழுதியதுபோல் மாணவர்களிடம் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண், சராசரியாக 5க்கு 4.26.

இதை இவ்வளவு அக்கறையாக எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தாய்மாமா வேப்பங்கவட்டையைப் பிடித்து நீரோட்டம் பார்ப்பார். ஒரு ரூபாய் வாங்கமாட்டார். அவர் காட்டிய இடத்தில் எங்கள் காட்டில் இரண்டு போர் போட்டோம். இரண்டிலும் புகைதான் வந்தது. கடன் ஏறிய கோபத்தில் அவரை ஊர் நடுவில் வைத்து ‘ஃபிராடு’ என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

பல வருஷம் கழித்துத்தான் நீரோட்டம் பார்ப்பது பற்றி ஹைமன் எழுதியதைப் படித்தேன். மானிடவியலாளர் எவான் வோக்ட்டுடன் சேர்ந்து அமெரிக்காவில் இந்த வழக்கத்தை ஆராய்ந்து 1959இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். குச்சி சாய்வது நிஜம், பிடித்திருப்பவர் வேண்டுமென்றே சாய்ப்பதில்லை என்கிறார்கள். மனதில் எதிர்பார்ப்பு இருந்தால் அவருக்கே தெரியாமல் கைத்தசை லேசாக அசையும். விறைப்பாக வளைத்துப் பிடித்த கவட்டை அந்தச் சின்ன அசைவுக்கே துள்ளிவிடும். பலர் சேர்ந்து கை வைத்தால் மேஜை தானாக நகர்கிறது என்ற பேச்சை 1853இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சோதித்தபோதும் இதையேதான் கண்டார். சரி, தண்ணீர்? குச்சி பார்த்துத் தோண்டிய கிணறுகளில், பார்க்காமல் தோண்டியவற்றை விட அதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் ஏன் இந்த வழக்கம் நிற்கிறது என்பதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது: நிலத்தடி நீர் நிச்சயமில்லாத ஊர்களில், எங்காவது ஒரு இடத்தைத் துணிந்து முடிவு செய்ய அந்தக் குச்சி உதவுகிறது. பாறைப் பூமிக்காரனான எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாமாவும் என்னைப் போலத்தான் நம்பியிருக்கிறார்.

ஹைமன் எதிர்த்தரப்பை நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். கண்ணில் பாதிப் பிங்பாங் பந்தை வைத்துக்கொண்டு, அடுத்த அறையில் இருப்பவர் பார்க்கும் படத்தை உணர்வதாகச் சொல்லும் ‘கான்ஸ்ஃபெல்ட்’ சோதனைகளில் இருந்த ஓட்டைகளை 1985இல் விரிவாகக் காட்டினார். மறு வருஷமே, அந்தச் சோதனைகளை நடத்திவந்த சார்லஸ் ஹானர்ட்டனுடன் சேர்ந்து, இனி சோதனைகள் எவ்வளவு கறாராக நடக்க வேண்டும் என்று கூட்டறிக்கை எழுதினார். தூரத்தில் இருப்பதை மனதாலேயே பார்க்க முடியுமா என்று சோதித்த அமெரிக்க உளவுத்துறையின் ‘ஸ்டார்கேட்’ திட்டத்தை 1995இல் மதிப்பிட அவரையும் புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸையும் அழைத்தார்கள். அமானுஷ்ய ஆற்றல் நிரூபணமாகிவிட்டது என்றார் அட்ஸ். எண்கள் தற்செயலை மீறியிருக்கலாம், ஆனால் காரணம் புரியாத ஒன்றுக்கு அமானுஷ்யம் என்று பெயர் வைத்தால் அது நிரூபணமாகாது என்றார் ஹைமன். திட்டம் அந்த வருஷத்தோடு மூடப்பட்டது. மறுக்கிறவர் முதலில் எதிராளி சொல்வதை நியாயமாகப் புரிந்துகொள்ள வேண்டும், கேலி செய்யக் கூடாது என்று தன் பக்கத்து ஆட்களுக்கே 1987இல் அவர் எழுதினார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். குச்சி பிடித்துக் காட்டிய இடத்தில் தண்ணீர் பீறிட்டது என்று உங்கள் இதழ் அவ்வப்போது படத்தோடு செய்தி போடுகிறது. அடுத்த முறை, அதே ஆள் காட்டிய இடங்களில் எத்தனை போர் வறண்டது, அதே ஊரில் யாரிடமும் கேட்காமல் போட்டவற்றில் எத்தனையில் தண்ணீர் வந்தது என்பதையும் நிருபர் விசாரித்துப் போடட்டும். அவரை மோசடிக்காரர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுவதற்குள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
அரவக்குறிச்சி