கவரை அப்புறம் பிரி

பாளையங்கோட்டை
பங்குனி 3

அன்புள்ள சங்கரா,

இதோடு வருகிற பழுப்புக் கவரை இப்போதே பிரித்துவிடாதே. முதலில் கடிதத்தைப் படி. பரீட்சையில் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எழுதுவாய், தெரியும். இந்த ஒரு தடவை சொல்பேச்சுக் கேள்.

பொங்கலுக்கு முன்னால் நீ அனுப்பிய ஏழு படங்களும் வந்து சேர்ந்தன. இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு வைய வேண்டும் என்றால் வைதுகொள். இங்கே எல்லாரும் சுகம். என் வீட்டுக்காரிக்கு, அதாவது உன் தங்கச்சிக்கு, முட்டுவலி குறையவில்லை, என்மேல் உள்ள கோபமும் குறையவில்லை. குளியலறையைப் படம் கழுவுகிற இருட்டறை ஆக்கிவிட்டேன், அதுதான் காரணம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சோப்பு வைக்கிற இடத்தில் ஹைப்போ பாட்டில், வாசலில் துண்டோடு காத்திருக்கிற குடும்பம். ஜீரோ வாட் சிவப்பு பல்பு எரிவதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டுப் பையன் "மாமா, உள்ள என்ன பூஜை?" என்று கேட்டான்.

உன் படங்களுக்கு வருவோம். ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைக்கிறவர் பல்லில் நூலைக் கடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறாரே, அது ஒன்று போதும். மற்ற ஆறையும் கிழித்துப் போடலாம். கோபிக்காதே. ஒரே வடாபாவ் வண்டியை ஐந்து பக்கத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறாய். உன் பென்டாக்ஸ் கே1000-இல் ஒரு ரோலுக்கு 36 படம் என்கிற திமிர் அது. எனக்கு 12தான். என் கேமராவுக்குப் போடுகிற 120 சைஸ் பிலிம் இன்றைக்கு விற்கிற விலையில் ஒரு தடவை அமுக்கினால் ஒரு சாப்பாட்டுக் காசு போய்விடுகிறது. அதனால் அமுக்குவதற்கு முன்னால் எதிரில் இருப்பவரோடு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். பாதி நாள் பேச்சு சுவாரசியத்தில் படமே எடுக்காமல் திரும்பி வந்துவிடுகிறேன். அது லாபமா நஷ்டமா என்று உன் தங்கச்சியிடம் கேட்காதே.

போட்டோக் கடை மாமாவின் யாஷிகா மேட் 124ஜி கேமராவைப் பற்றிப் போன கடிதத்திலேயே பீற்றிக்கொண்டேன், போதவில்லை. வெளிச்சம் அளக்கிற மீட்டருக்குப் போடுகிற பாதரச பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. ஆகவே மாமாவின் வெயில் கணக்குத்தான்: சுள்ளென்ற வெயிலில் அப்பெர்ச்சர் (வெளிச்சம் நுழைகிற துளை) 16, ஷட்டர் (அது திறந்திருக்கிற நேரம்) பிலிமின் வேகத்துக்குப் பக்கத்து எண். 400 பிலிம் என்றால் 500, அதாவது 1/500 வினாடி. நம் ஊர் வெயில் அந்தக் கணக்கை ஒருநாளும் பொய்யாக்கியதில்லை. மேல்மூடியைத் திறந்து, குனிந்துதான் பார்க்க வேண்டும். இடது வலதாகத் தெரியும். ஆள் இடப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் வலப்பக்கம் போகிறான், நானும் தப்பான பக்கம் திரும்பித் தூணில் முட்டுகிறேன். ஆனால் தலை குனிந்து நிற்கிறவனைப் பார்த்தால் ஜனங்களுக்குக் கூச்சம் வருவதில்லை. செல்போனை நீட்டினால் முந்தானையால் முகத்தை மூடுகிற மீன்காரம்மா, பக்கவாட்டுச் சுற்றுக்கைப்பிடியைப் பார்த்துவிட்டு "இது மாவு அரைக்கிற மிஷினா அண்ணாச்சி?" என்று கேட்டு, நன்றாகச் சிரித்து, அப்படியே படத்தில் விழுந்தாள்.

இந்தக் கேமரா பிழைத்ததே பரணில் கிடந்ததால்தான். 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இங்கே தாமிரபரணி குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்துவிட்டுத் தெருவுக்குள் வந்தது. மாமா வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு டிரங்குப் பெட்டியிலும் முப்பது வருஷத்து நெகட்டிவும் ஆல்பமும். வடிந்த பிறகு திறந்தால் செங்கல் மாதிரி ஒரே கட்டி. படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின், நனைந்தால் பசை, காய்ந்தால் விடாது. மறுபடி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு நானும் மாமாவும் அப்பளம் பிரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக உரித்தோம். கொஞ்சம் தேறியது. தேறியதில் என்ன இருந்தது? மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பெண், பாஸ்போர்ட் சைஸ் தலைகள், பூ ஜடை கண்ணாடியில் தெரிய நிற்கிற பிள்ளைகள். மாமா தன் கடை வாசலை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எதிர் டீக்கடை இல்லை, நீயும் நானும் உட்கார்ந்து கடன் சொன்ன பெஞ்சு இல்லை. கேட்டால், "அத எவம்டே காசு குடுத்து வாங்குவான்?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு. ரேஷன் கடை வாசலில் ஆளுக்குப் பதில் வரிசையில் நிற்கிற பைகள், காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். காருகுறிச்சியில் வெயிலுக்குக் கவிழ்த்த பானைகள். பத்தமடையில் சாயம் ஏற்றி உலர்த்திய கோரை (கறுப்பு வெள்ளையில் எடுத்தேன், சிரிக்காதே). சுலோசன முதலியார் பாலத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். 1843-இலிருந்து நிற்கிறது, எங்கேயும் ஓடிவிடாது. நான் எடுத்தது அதன் பக்கச் சுவரில் யாரோ காயப்போட்டிருந்த ஒரு சட்டையை.

இந்த வரிசையில்தான் உங்க அம்மாவையும் எடுக்கப் போனேன். உனக்குச் சொல்லவில்லை, பிரிண்டைத் திடீரென்று அனுப்பி உன்னை அழவைக்க வேண்டும் என்று திட்டம். தை மாதம் ஒரு சனிக்கிழமை, செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடைக்குறிச்சி. அத்தை தார்சாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். "போட்டோவா? பொறு, சேலை மாத்திட்டு வாரேன்" என்று எழுந்தவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பன்னிரண்டும் அவர்களுக்கே.

வந்து கழுவினேன். பிலிமில் படத்தை வரவைக்கிற மருந்து டி-76 டெவலப்பர், 1927-இலிருந்து இருக்கிற சரக்கு. சரிபாதி தண்ணீர் கலந்தால் என் பிலிமுக்கு 20 டிகிரியில் 11 நிமிஷம். நம் ஊரில் 20 டிகிரிக்கு எங்கே போக? காருகுறிச்சிப் பானைத் தண்ணீரில் கலந்து, ஐஸ் போட்ட வாளியில் பாட்டிலை இறக்கி, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் தங்கச்சி கதவைத் தட்ட, அவசரத்தில் டெவலப்பருக்குப் பதில் ஹைப்போவை ஊற்றிவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி பாட்டில். கடைசியில் டாங்கைத் திறந்தால் பிலிம் முழுக்கக் கண்ணாடி, ஒரு கோடு இல்லை. டெவலப் ஆகாத வெள்ளி உப்பைக் கரைப்பதுதான் ஹைப்போவின் வேலை, அது தன் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, "நான் ஒரு கல்யாணத்தையே இப்படிக் கழுவியிருக்கேம்லே. பொண்ணு வீட்டுக்காரன் அரிவாளோட வந்தான்" என்றார்.

மாசி 9, அதாவது பிப்ரவரி 21, மறுபடி போனேன்.

"அத்தை, போன தடவை எடுத்தது கெட்டுப்போச்சு" என்றேன். "எப்பம் எடுத்த?" என்றார்கள். விளையாட்டு என்று நினைத்தேன். காபி வந்தது. இருபது நிமிஷத்தில் இன்னொரு காபி வந்தது. "இப்பம்தானே குடிச்சேன்" என்றால், "நீ எங்க குடிச்ச, வந்து உக்காந்ததே இப்பம்தான்" என்கிறார்கள். உபசாரம் என்று அதையும் குடித்தேன். நடுவில் ஒரு தடவை என்னை எங்க அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நம்மில் யாரைத்தான் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் உறைக்கவில்லை. கேமராவை வாசல்படியில் வைத்து, அப்பெர்ச்சர் 5.6, ஷட்டர் 1/15 வினாடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். இந்தத் தடவை ஹைப்போ பாட்டிலுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன், எல்லாப் படமும் வந்தது.

காண்டாக்ட் பிரிண்ட்தான் போடுகிறேன், நெகட்டிவ் அளவேதான், ஆறு சென்டிமீட்டர் சதுரம். அப்பா பஞ்சாங்கம் பார்க்கிற லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலாவது படம் நல்ல படம். மடியில் முறம், ஒரு கையில் கீரைக்காம்பு, நடுக்கூடத்து வெளிச்சம் பாதி முகத்தில். பின்னால் சுவரில் அந்தத் தினசரி காலண்டர். அதில் 28 என்று இருந்தது. நான் போனது 21. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன், திருப்பிப் போட்டால் எண்ணும் திரும்பியிருக்கும். மறுபடி லென்ஸ். 28-க்கு மேலே ஜனவரி.

சங்கரா, உங்க அம்மா காலண்டரை உனக்குத் தெரியும். குளித்து வந்ததும் முதல் வேலை தாளைக் கிழிப்பது. ராகுகாலம் பார்த்து, நம் இரண்டு பேருக்கும் பலன் வாசித்து, எனக்கு எப்போதும் நஷ்டமே வரும், அப்புறம்தான் காபி. அந்தச் சுவரில் இருபத்துநாலு நாளாகத் தாள் கிழியவில்லை.

நாலு நாள் பொறுத்துக் கேமரா இல்லாமல் போனேன். "ஏன் அத்தை, காலண்டர் கிழிக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டேன். "காலைலதானே கிழிச்சேன்" என்றார்கள். முகத்தில் ஒரு பயம் வந்து போனது, நான் பார்த்தேன். கேட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் அடுத்த வாரம் போனபோது காலண்டர் மே மாதத்தில் நின்றது. நான் கேட்டேன் என்று உட்கார்ந்து மொத்தமாகக் கிழித்திருக்கிறார்கள். கிழித்த தாளெல்லாம் அடுக்களையில் மடித்து அடுக்கியிருந்தது. மேல வீட்டு ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு தடவை அடுப்பில் பால் கருகியதைச் சொன்னார்கள். அது கேஸ் அடுப்புடா.

போனில் சொல்லலாம் என்று நாலு தடவை கூப்பிட்டேன். நீ "என்னலே" என்றதும் கிரிக்கெட் பேசிவிட்டு வைத்தேன். அதற்குத்தான் வையச் சொன்னேன்.

நான் டாக்டர் இல்லை. இங்கே தெரிந்த டாக்டரிடம் பேர் சொல்லாமல் விசாரித்தேன். வயசான மறதி எல்லாம் அந்த ஒரே வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லையாம். தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் இப்படி வரும், ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு என்றார். ஆகவே முதலில் அதைப் பார்ப்போம். நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். மகன் உயிரோடு பூனாவில் இருக்க நான் கூட்டிப்போனால் அத்தைக்குச் சந்தேகம் வந்துவிடும், உன் அக்காவுக்கும் வருத்தம். அக்காவிடம் நீ சொல்லு. நான் சொன்னதாக வேண்டாம். லீவு எத்தனை நாள் கிடைக்கும் என்று மட்டும் எழுது, இல்லை, எழுதாதே, போன் பண்ணு, இந்தத் தடவை கிரிக்கெட் பேச மாட்டேன். அதுவரை செவ்வாயும் சனியும் நான் போய்வருகிறேன். கேஸ் சிலிண்டர் வால்வை இரவு மூடிவைக்க மேல வீட்டு ஆச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. பழசெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. உங்க அப்பாவின் ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா கன்னடியன் வாய்க்காலில் விழுந்த கதையை அவர்களாகவே எடுத்தார்கள். "இவன் மேல பழியப் போட்டுட்டு அவன் பேசாம நின்னான். எனக்கு அன்னைக்கே தெரியும், அவன் சட்டைதான் நனைஞ்சிருந்தது" என்று சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினார்கள். நாற்பத்தைந்து வருஷமாக நான் சுமந்த பழிலே அது. உங்க அப்பாவிடம் நான் வாங்கிய அடிக்கும் சாட்சி கிடைத்துவிட்டது.

இப்போது கவரைப் பிரி. ஆறு படம் இருக்கிறது. சட்டை, பைகள், மீன்காரம்மா, அத்தை மூன்று. நாலாவது நெகட்டிவை மட்டும் வெள்ளைத் தாளில் தனியாகச் சுற்றியிருக்கிறேன். முதலில் முகத்தைப் பார், சுவரை அப்புறம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன் இசக்கி

பின்குறிப்பு: வரும்போது கே1000-ஐ எடுத்து வா. கிளிக் த்ரீ விஷயத்தில் மன்னிப்புக் கடிதம் தனியாக வர வேண்டும், அதைப் போனில் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.